இதயத்தைச் சுற்றி நீர் எடுத்த பிறகு: நோயாளியும் உடனிருப்பவரும் செய்ய வேண்டியவை

இதயத்தை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்குள் எல்லோருக்கும் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி வரை நீர் இருக்கும். இதயம் ஓயாமல் துடிக்கும்போது உராய்வு ஏற்படாமல் காப்பது அதுதான். ஏதோ ஒரு நோயினால் அந்த நீர் பெருகி, இதயம் விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் அழுத்தத் தொடங்கும்போது, மருத்துவர்கள் ஊசி வழியாக அதை வெளியே எடுக்கிறார்கள். வட சென்னையின் மருத்துவமனை ஒன்றில் இதயப் பிரிவுச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், இந்தச் சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள் எல்லாமே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எடுத்துட்டா சரியாயிடுமா, சிஸ்டர்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முழுமையான பதிலை வார்டு வாசலில் நின்றபடி சொல்ல நேரம் கிடைத்ததில்லை என்பதால், இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இது: நீர் எடுத்தால் உயிருக்கு வந்த உடனடி ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும், ஆனால் அடுத்த ஆறு மாதம் நோயாளி எப்படி இருப்பார் என்பதை முடிவு செய்வது, அந்த நீர் எதனால் சேர்ந்தது என்பதும், அந்தக் காரணத்திற்கு ஒழுங்காக மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்பதும்தான். ஊசி போடுவது மருத்துவரின் வேலை. காரணம் கண்டறியப்படுவதிலும் தொடர் சிகிச்சையிலும் குடும்பத்தாரின் பங்கு பெரிது.

தாமதம் எங்கே நேர்கிறது

எண்ணூர், மணலி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளில் மூச்சு வாங்குவது அன்றாடத் தொல்லையாகிவிட்டது. புகையும் நிலக்கரித் தூசியும் குப்பை எரிவதால் வரும் நெடியும் நெஞ்சை அடைக்கும்போது, அருகிலுள்ள கிளினிக்கில் நெபுலைசர் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவது பழக்கமாக இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது சரியான சிகிச்சையே. ஆனால் நெபுலைசர் வைத்தும் தணியாத மூச்சுத்திணறல், மல்லாந்து படுத்தால் அதிகமாகி, எழுந்து உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்தால் சற்றே குறையும் திணறல், கழுத்து நரம்பு புடைத்துத் தெரிவது, கால் வீக்கம், எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால், இதயத்தையும் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேட்க வேண்டும். எக்கோ என்ற ஸ்கேன் ஒன்றே போதும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல், சில நிமிடங்களில் நீர் இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

இன்னொரு தாமதம், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையால் வருவது. கால் வீங்கியிருக்கிறதே என்று, வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த, சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. இதயத்தை நீர் அழுத்திக்கொண்டிருக்கும் வேளையில், உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு குறைந்தால், இதயத்துக்குள் நிரம்பும் கொஞ்ச இரத்தமும் குறைந்து இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

மயக்கம், வியர்த்துக் கைகால் சில்லிடுதல், பேச முடியாத அளவு மூச்சுத்திணறல் இருந்தால் பைக்கிலோ ஷேர் ஆட்டோவிலோ கிளம்பாமல் 108-ஐ அழையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் சிக்கிக்கொள்வோம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜனாவது உண்டு. நோயாளியை வலுக்கட்டாயமாகப் படுக்க வைக்காமல், அவருக்கு எப்படி உட்கார்ந்தால் மூச்சு விட முடிகிறதோ அப்படியே உட்கார விடுங்கள். பழைய ஜெயில் சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் நம் பகுதிக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைகள். ரயில்வே ஊழியர் குடும்பமாக இருந்தால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது.

"எவ்வளவு தண்ணி?" என்ற கேள்வியும் அதைவிட முக்கியமான கேள்வியும்

எக்கோ அறிக்கையில் நீரின் அளவு மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்கும். இதயத்துக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி 10 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் சிறிது, 10 முதல் 20 வரை என்றால் நடுத்தரம், 20-க்கு மேல் என்றால் அதிகம் என்று கொள்வார்கள். ஆனால் ஆபத்து இந்த எண்ணில் மட்டும் இல்லை. கத்திக்குத்து, விபத்து, இரத்தக்குழாய் சிகிச்சையின்போது ஏற்படும் கிழிசல் போன்றவற்றால் உறைக்குள் வேகமாக இரத்தம் இறங்கினால், 150 அல்லது 200 மில்லியே உயிரைப் பறித்துவிடக்கூடும். தைராய்டு குறைபாட்டிலோ காசநோயிலோ வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரும்போது உறையும் கூடவே விரிந்துகொடுப்பதால், 1 லிட்டருக்கு மேல் நீர் இருந்தும் சிலர் நடந்தே வந்து சேர்வார்கள். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "நீர் இதயத்தை அழுத்துகிறதா?" என்பதே. அழுத்துகிறது என்று எக்கோவும் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சேர்ந்து சொன்னால், எடுப்பதைத் தள்ளிப்போட முடியாது. அந்த நிலையை மருத்துவர்கள் டாம்பனேட் என்று சொல்வார்கள்.

அழுத்தம் இல்லை, காரணமும் தெரிந்திருக்கிறது என்றால், நீர் எடுக்காமலே மருந்து கொடுத்துக் கவனிப்பதும் நல்ல சிகிச்சைதான். தைராய்டு குறைபாட்டால் சேர்ந்த நீர், மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் தானாக வடிந்துவிடும். டெங்குவின்போது நுரையீரலைச் சுற்றியும் சில வேளைகளில் இதயத்தைச் சுற்றியும் சேரும் சிறிதளவு நீர், காய்ச்சல் தெளிந்த பிறகு மறைந்துவிடும். "தண்ணி இருக்குன்னு சொல்லிட்டு எடுக்காம விட்டுட்டாங்க" என்று மனம் கலங்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் சுவர் கிழிந்து அந்த இரத்தம் உறைக்குள் இறங்கியிருந்தால், ஊசியால் எடுப்பது கிழிசலைப் பெரிதாக்கலாம். அங்கே அறுவைச் சிகிச்சையே முதன்மை. ஊசி போடாமல் வேறு மருத்துவமனைக்கு அவசரமாக அனுப்பினால் அலட்சியம் என்று நினைத்துவிடாமல் காரணத்தைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்புதல் படிவம் நீட்டப்படும்போது மூன்று செய்திகளை நீங்களாகவே சொல்லிவிட வேண்டும். முதலாவது, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள். அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் என்று எதுவாக இருந்தாலும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதோடு சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டுவந்து காட்டுங்கள். இரண்டாவது, டயாலிசிஸ் செய்துகொள்பவரா என்பது. மூன்றாவது, முன்பு எப்போதாவது காசநோய், புற்றுநோய், இதய அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தனவா, வீட்டில் யாருக்கேனும் காசநோய் சிகிச்சை நடக்கிறதா என்பது. அக்கம்பக்கத்தினர் என்ன நினைப்பார்களோ என்று இந்த மூன்றாவதை மறைப்பவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை. 1840-இல் வியன்னாவில் ஃப்ரான்ஸ் ஷூ என்ற அறுவை மருத்துவர் செய்தது முதல் நெடுங்காலம் இந்தச் சிகிச்சை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைக்கணக்காகவே ஊசி செலுத்தி நடந்தது. இதயத்தையே குத்திவிடும் ஆபத்து அதில் அதிகம். அமெரிக்காவின் மேயோ கிளினிக், எக்கோவில் நீரைப் பார்த்து, அது எங்கே மார்புச் சுவருக்கு மிக அருகில் இருக்கிறதோ அங்கே ஊசி செலுத்தும் முறையை 1979 முதல் கடைப்பிடித்து, அடுத்த 21 ஆண்டுகளில் செய்த 1,127 சிகிச்சைகளின் கணக்கை 2002-இல் வெளியிட்டது. அதில் 97 விழுக்காடு வெற்றி. பெரிய பாதிப்பு 1.2 விழுக்காடு, தானாகவோ எளிய சிகிச்சையிலோ சரியாகிவிட்ட சிறிய பாதிப்பு 3.5 விழுக்காடு. தேர்ந்த கைகள் உள்ள ஓரிடத்தின் கணக்கு அது என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், எக்கோ பார்த்துச் செய்வதால் கிடைத்த பாதுகாப்பு என்ன என்பதை அந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பெரிய பாதிப்புகள் என்பவை இதயச் சுவரிலோ இரத்தக்குழாயிலோ ஊசி படுவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று இறங்குவது, கல்லீரலில் காயம், துடிப்பு தாறுமாறாவது ஆகியவை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எக்கோ பார்த்துக்கொண்டே செய்வீர்களா, டாக்டர்?" இன்று பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஆம் என்பதே பதிலாக இருக்கும்.

சிகிச்சை நடக்கும்போது நோயாளி பொதுவாக விழித்தே இருப்பார். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருக்க, தோலை மரக்கச் செய்யும் ஊசி போட்டு, மரத்த அந்த இடத்தின் வழியே நீண்ட ஊசியையும், பிறகு மெல்லிய கம்பியையும், அதன் மேல் நுனி சுருண்ட ஒரு டியூபையும் செலுத்துவார்கள். அழுத்தத்தோடு வந்தவருக்கு முதல் 50 மில்லி வெளியேறியதுமே மாற்றம் தெரிந்துவிடும். மானிட்டரில் 130-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த துடிப்பு மெல்ல இறங்க, 80-ஐத் தாண்டாதிருந்த இரத்த அழுத்தம் ஏற, காசிமேட்டைச் சேர்ந்த ஒரு மீனவப் பெரியவர் கண்ணைத் திறந்து, "அம்மா, நெஞ்சு மேல இருந்த பாரம் எறங்கிடுச்சு" என்று சொன்ன நொடியில் அந்த அறையில் இருந்த அனைவரும் ஒன்றாக மூச்சு விட்டோம். உறை முழுதும் விறைத்திருக்கும் நிலையில் சிறிதளவு நீர் குறைந்தாலே அழுத்தம் பெருமளவு இறங்கிவிடும் என்பதுதான் இதற்குக் காரணம்.

அதனாலேயே அத்தனை நீரையும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. நீண்ட நாள் அழுந்தியிருந்த இதயம், அழுத்தம் சட்டென்று விலகியதும் திணறிப்போகலாம் என்பதால், ஒரே தடவையில் 1 லிட்டருக்குள் நிறுத்தி, மீதியை டியூப் வழியாகச் சிறிது சிறிதாக எடுப்பார்கள். "பாதிதான் எடுத்திருக்காங்க" என்று வெளியே வந்து சண்டை பிடிப்பதற்கு இதில் இடமில்லை.

எடுத்த நீர் எங்கே போகிறது என்பதைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த நீர்தான் காரணத்தைச் சொல்லக்கூடிய சாட்சி. பரிசோதனைக்குப் போகாமல் பக்கெட்டில் ஊற்றப்பட்டால் அந்தச் சாட்சி போய்விடும். மறுபடியும் ஊசி போட்டுத்தான் பெற வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனைகளில் மாதிரிகளைப் பல நேரங்களில் நோயாளியோடு உடனிருப்பவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறார்கள். ஒரே நீர் நான்கைந்து குப்பிகளில் பிரிந்து வெவ்வேறு ஆய்வகங்களுக்குப் போகும்: அணுக்களையும் புரதத்தையும் பார்க்க ஒன்று, கிருமி வளர்த்துப் பார்க்க ஒன்று, காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனைக்கு ஒன்று, ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவுக்கு ஒன்று, புற்றுநோய் அணுக்களைத் தேட ஒன்று. ஒவ்வொரு குப்பியிலும் பெயர், வயது, வார்டு, உள்நோயாளி எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். எந்தக் குப்பி எந்தக் கட்டடம், எந்த அறை என்பதைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று ஜன்னல் ஓரம் வைத்துவிடாமல் நேராகக் கொண்டுசெல்லுங்கள். கொடுத்த இடத்தில் முடிவு எப்போது வரும் என்று கேளுங்கள்; அணுக்கள் பற்றிய முடிவு அன்றோ மறுநாளோ வந்துவிடும், காசநோய்க் கிருமி வளர்ப்பு முடிவுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பிறகு வரும் முடிவை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். அதைப் போய் வாங்கி மருத்துவரிடம் காட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவர் பெயரிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டியூபில் வருவது செந்நிறமாக இருந்தால் இதயத்தைக் குத்திவிட்டார்கள் என்று பதற வேண்டாம். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிலும் நீர் இரத்தம் கலந்தே வரும்.

டியூப் இருக்கும் நாட்கள்

டியூபைச் சில நாட்கள் உள்ளேயே விட்டுவைப்பது நீர் மறுபடி சேர்வதைக் குறைக்கிறது. தோலோடு தையல் போட்டுப் பொருத்தப்பட்ட அந்த டியூபின் நடுவில் திருகும் அடைப்பான் ஒன்று இருக்கும். அதை மருத்துவரும் செவிலியரும் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. நோயாளி கழிவறைக்கு எழும்போது பையை மார்பு மட்டத்துக்கு மேலே தூக்கக்கூடாது, டியூபை இழுபடவும் விடக்கூடாது. மூச்சை இழுத்தால் சுருக்கென்று வலிப்பது இயல்பு. வலி மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுங்கள், ஏனென்றால் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு நெஞ்சில் சளி கட்டும்.

24 மணி நேரத்தில் எவ்வளவு வந்தது என்பதைச் செவிலியர் குறித்து வைப்பார். அந்தக் கணக்கு ஒரு நாளுக்கு 25 முதல் 30 மில்லிக்குக் கீழே இறங்கி, எக்கோவிலும் நீர் இல்லை என்று தெரிந்த பிறகே டியூபை எடுப்பார்கள். திடீரென்று சொட்டுகூட வராமல் நின்று, அதே நேரத்தில் மூச்சுத்திணறல் திரும்பினால், நீர் வற்றிவிட்டது என்று மகிழாமல் டியூப் அடைத்திருக்கலாம் என்று உடனே சொல்லுங்கள். காய்ச்சல், குளிர், டியூப் போட்ட இடம் சிவந்து சீழ் கசிவது ஆகியவையும் அப்படியே.

காரணத்துக்கு ஏற்ற விளைவு

வைரஸ் கிருமியாலோ, எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாமலோ வரும் உறை அழற்சியில் விளைவு மிக நல்லது. பெரும்பாலானோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். ஆனால் 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு அது திரும்ப வருகிறது. கோல்சிசின் என்ற மாத்திரையை மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. வயிற்றுப்போக்கு வருகிறது என்று பலர் இடையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், வலை இழுப்பவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர் ஆகியோர் வலியும் அழற்சியும் அடங்கும் வரை கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டும். அது குடும்ப வருமானத்தில் கைவைக்கும் யோசனை என்பது எனக்குத் தெரியும். எத்தனை வாரம் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டால் முதலாளியிடமோ சங்கத்திடமோ பேச உதவும்.

காசநோய்தான் நம் ஊரில் நாங்கள் அதிகம் பார்த்தது; அதிகம் பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான். நீரில் ஏ.டி.ஏ. அளவு 40-க்கு மேல் இருப்பது காசநோயை நோக்கிக் கைகாட்டுகிறது. இதய உறை நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், கிருமி தென்படவில்லை என்ற முடிவு ஒன்றை மட்டும் வைத்து காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மற்ற அறிகுறிகளையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். மருந்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் செலுத்தும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பதிவு செய்யும்போதே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும்; அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பசியே இல்லாமல் போவது ஆகியவை வேறு. அவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள், அன்றே காட்ட வேண்டும். அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும் என்பதால் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நீர் எடுத்து, மாத்திரை தொடங்கி, இரண்டாம் மாதத்தில் பசி எடுத்து, எடை கூடி, வேலைக்கும் போகத் தொடங்கியதும், நோய் போய்விட்டது என்று மருந்தை விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு உள்ளே உறை தடித்து, சுருங்கி, இதயத்தை இறுக்கத் தொடங்கியிருக்கும். இது மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களில்கூடச் சிலருக்கு வருகிறது, விட்டுவிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வயிறு உப்புவது, கால் வீங்குவது, மாடி ஏற முடியாத அசதி, கழுத்து நரம்பு புடைப்பது ஆகியவை மாதங்கள் கழித்து வந்தால், கல்லீரல் நோய் என்று நினைத்து வேறு பக்கம் அலையாமல், "எனக்கு முன்பு இதய உறையில் நீர் எடுத்தார்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இறுகிய உறையை அறுவைச் சிகிச்சையால் உரித்தெடுக்க முடியும். நிலைமை முற்றும் முன் செய்தால் பலன் நன்றாக இருக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரை சேர்ப்பார்களா என்பது நோயாளியைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளில் இதய உறைக் காசநோய் இருந்த 1,400 பேரிடம் தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் போங்கானி மயோசி தலைமையில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், இறப்பு, நீர் அழுத்தம், உறை இறுகுதல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்ததால் வேறுபாடு இல்லை, உறை இறுகுவது மட்டும் குறைந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடியது. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் இல்லை என்று கேட்பதற்கு மருத்துவரிடம் நியாயமான பதில் இருக்கும். கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சிறுநீரகச் செயலிழப்பில் டயாலிசிஸைத் தவறவிடாமல், தேவைப்பட்டால் கூடுதல் முறைகளும் செய்வதே நீரைக் கட்டுப்படுத்தும் வழி. நீர் எடுத்த செய்தியை டயாலிசிஸ் மையத்திலும் சொல்லுங்கள். அங்கே இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினைத் தவிர்க்கவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். சீழ் கட்டிய உறை அபாயமானது. அதில் ஊசி மட்டும் போதாமல் அறுவைச் சிகிச்சையும், நீண்ட நாள் ஊசி மருந்துகளும் தேவைப்படும்.

புற்றுநோயால் சேரும் நீரைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தினர் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதுதான் வழக்கம். நோயாளி கேட்க விரும்பினால் அவரையும் அமர்த்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. தன் உடலைப் பற்றிய முடிவில் அவருக்குத்தான் முதல் உரிமை. நுரையீரல், மார்பகம், நிணநீர்ச் சுரப்பி ஆகியவற்றின் புற்றுநோய்களே பெரும்பாலும் இதய உறைக்குப் பரவுகின்றன. நீர் எடுத்ததும் மூச்சு எளிதாகும் என்பது உறுதி. ஆனால் அது மீண்டும் சேர்வதும் இங்கேதான் அதிகம். நிணநீர்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் மருந்துக்குக் கட்டுப்பட்டு நெடுநாள் வாழ வைப்பதுண்டு. நுரையீரல் புற்றுநோயில் பலருக்குச் சில மாதங்களே கிடைக்கின்றன. கேட்க வேண்டியவை: புற்றுக்கு இன்னும் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறதா, நீர் திரும்பினால் மறுபடி ஊசியா அல்லது உறையில் ஒரு திறப்பு வைக்கும் அறுவைச் சிகிச்சையா, அந்த அறுவையைத் தாங்கும் வலு இவருக்கு இருக்கிறதா, வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம். மறுபடி ஊசி வேண்டாம், வீட்டில் இருக்கிறேன் என்று நோயாளி தெளிவாகச் சொன்னால், வலி நிவாரணப் பிரிவை நாடுவதும் சிகிச்சையே. அதை மருத்துவத்தைக் கைவிட்டதாக எண்ணிக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

வீடு திரும்பும் நாளில்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியவுடன் கவுண்ட்டரிலேயே நின்று பாருங்கள். எந்தத் தேதியில் நீர் எடுத்தார்கள், எத்தனை மில்லி, என்ன நிறம், எந்தெந்தப் பரிசோதனை அனுப்பப்பட்டது, எதன் முடிவு இன்னும் வரவில்லை, கடைசி எக்கோவில் எவ்வளவு நீர் மிச்சம், அடுத்த எக்கோ எப்போது என்பவை இருக்க வேண்டும். விட்டுப்போனதை அப்போதே கேட்டு எழுதி வாங்குவது எளிது. ஒரு வாரம் கழித்து வந்தால் அந்த மருத்துவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்தியிருந்தால் அதன் சீட்டுகளையும் இதே கோப்பில் வையுங்கள்.

அடுத்த எக்கோ பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இருக்கும், பிறகு காரணத்தைப் பொறுத்து ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீளும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தி எக்கோவைத் தவறவிடாதீர்கள். மெல்லச் சேரும் நீர் நிறைய சேரும் வரை உடம்பு காட்டிக்கொடுப்பதில்லை.

சம்மரியையும் எக்கோ அறிக்கையையும் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் குறைந்தது இரண்டு பேருடைய போனில் வைத்திருங்கள். மீண்டும் மூச்சுத்திணறலோ, மயக்கமோ, மல்லாந்து படுக்க முடியாத நிலையோ வந்தால், நீர் எடுத்த மருத்துவமனைதான் வேண்டும் என்று தூரம் போகாமல், எக்கோ பார்க்கும் வசதியுள்ள மிக அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே சீட்டுப் போடுபவரிடமும், முதலில் பார்க்கும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இவருக்கு இன்ன தேதியில் இதயத்தைச் சுற்றி நீர் எடுத்திருக்கிறார்கள். இன்ன காரணம் என்று சொன்னார்கள். இன்று இத்தனை மணியிலிருந்து மூச்சுத் திணறுகிறது. முதலில் எக்கோ பார்த்துவிடுங்கள், டாக்டர்."